இருபத்து மூன்றாம் நம்பரின் அதிபதி

ஹார்லன் டைக்ஹவுஸ் காட்டுக்குக் கிளம்புகிறார் என்றால் காடுதான் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட வேண்டும். முப்பத்து நான்கு அடி ட்ரெய்லர். அதை இழுத்துப்போக லாரிக்குத் தம்பி மாதிரி ஒரு பிக்கப். ட்ரெய்லருக்குள் இரண்டு டி.வி., ஒரு ஏ.சி., ஐஸ் கட்டி துப்புகிற பெட்டி ஒன்று, எரிவதுபோல நடிக்கிற மின்சாரக் கணப்பு ஒன்று. வாசலில் விரிக்கப் பச்சைப் பிளாஸ்டிக் புல்வெளி. சுற்றிலும் நிஜப் புல் கிடக்கிறதே என்று கேட்டால், "அதுல மண்ணு இருக்கும்" என்பார். இத்தனையையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்து, இயற்கையோடு வாழ்ந்தோம் என்று தேவாலய வாசலில் எல்லாரிடமும் சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம். எங்களிடமும் பிளாஸ்டிக் புல் இருக்கிறதே, வேறு என்ன செய்வது!

மனிதருக்கு வயது எழுபத்தொன்று. மேற்கு மிச்சிகனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். அலுவலக நாற்காலி செய்கிற ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரம் பார்க்கிற வேலை. அதாவது, நாற்காலியில் உட்கார வேண்டும், ஒரு சுற்று சுற்ற வேண்டும், சாய வேண்டும், எழுந்து 'சரி' என்று எழுத வேண்டும். உட்கார்ந்தே ஓய்வூதியம் சம்பாதித்த புண்ணியவான். அந்த வேலை அவருக்குள் இரண்டு சமாசாரங்களை இறக்கிவிட்டது. முதலாவது, அளவு என்றால் அளவு. கால் அங்குலம் தப்பினாலும் அவருக்குத் தொண்டையில் முள் சிக்கியதுபோல இருக்கும். இரண்டாவது, பேச்சு. பட்டறைச் சத்தத்தில் முப்பத்தொரு வருஷம் அவர் சொன்னது எவர் காதிலும் விழவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே மடை திறந்துவிட்டது, இன்றுவரை மூடவில்லை.

மனைவி வில்மா பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் அறுநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். சத்தம் அவருக்குப் புதிதல்ல. மடியில் குறுக்கெழுத்துப் புத்தகம் இருக்கும். ஹார்லன் ஆரம்பித்தால் வில்மா நிமிராமலே 'ம்' போடுவார். நாற்பத்தாறு வருஷத்து 'ம்' அது. ஒரே ஒரு எழுத்தில் 'கேட்டேன்', 'கேட்கவில்லை', 'போதும்' மூன்றையும் சொல்லிவிடும்.

ஆனால் ஹார்லனின் நிஜமான வாழ்க்கை ஊரில் இல்லை. ஹெரான் முனை என்று ஏரிக்கரை மேட்டில் ஒரு அரசுப் பூங்கா இருக்கிறது. மரத்துக்கடியில் ட்ரெய்லர் நிறுத்த நம்பர் போட்டு இடம் பிரித்திருப்பார்கள். அதில் இருபத்து மூன்றாம் நம்பர் மேட்டின் விளிம்பில், ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது. ஜூலை மாதம் முதல் இரண்டு வாரமும் அந்த இடம் ஹார்லனுடையது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான். 'டைக்ஹவுஸ் குடும்பம்' என்று மரத்தில் செதுக்கிய பலகையை அங்கே ஒரு கம்பத்தில் மாட்டினால்தான் அவருக்குக் கோடைக்காலம் பிறந்த மாதிரி.

அங்கே சாயங்காலம் ஒன்பது மணிக்கு ஒரு வைபவம் நடக்கும். எங்கள் பக்கம் ஜூலையில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் சாயங்காலம் என்றே சொல்லலாம். பத்தொன்பதாம் நம்பரிலிருந்து ரோஜர் புல்டெமாவும் அவர் மனைவி கான்னியும் வருவார்கள். ரோஜர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்கள் பின்னால் இன்னும் ஒன்பது பேர், எல்லாரும் அதே வயசு, அதே முழங்கால் வலி. ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து ஹார்லன் இடத்தில் அரைவட்டமாகப் போட்டு உட்காருவார்கள். ஹார்லன் மட்டும் உட்காரமாட்டார். விஷயம் உள்ள மனிதன் நின்றுதானே பேச வேண்டும்? தீக்குச்சி கிழித்து விறகைப் பற்றவைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார். ட்ரெய்லர் கொக்கியில் எது நல்ல கொக்கி, கழிவுநீர்க் குழாயை எப்படி மாட்டினால் ஒழுகாது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரிவர்ஸ் எடுக்கிற லட்சணம், எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் மேக்கினாக் பாலத்துக் கதை. ஐந்து மைல் நீளப் பாலத்தின் நட்டநடுவில் புயல் அடித்து, ட்ரெய்லர் ஒரு பக்கச் சக்கரத்தில் எழுந்து நிற்க, ஹார்லன் ஒற்றைக் கையால் வண்டியைக் கரை சேர்த்த கதை. அந்தக் காற்றுக்கு வருஷத்துக்கு ஐந்து மைல் வேகம் கூடும். வில்மாவும் அன்று வண்டியில்தான் இருந்தார். ஒருமுறை கான்னி அவரிடம் விசாரித்தபோது, "நான் கோன் ஐஸ் சாப்பிட்டுக்கிட்டு வந்தேன், ஒரு சொட்டு சிந்தல" என்று மட்டும் சொன்னார்.

பதினோரு பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். கொட்டாவி கிடையாது, குறுக்குப் பேச்சு கிடையாது. சில பேர் போனை எடுத்துப் படம்கூடப் பிடிப்பார்கள். அப்போது ஹார்லன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்.

"பாத்தியா வில்மா? ஊர்ல பாஸ்டர் பேசினாக்கூட பாதிப்பேர் தூங்குறான். இங்க ஒருத்தன் கண்ணைச் சிமிட்டல."

"ம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த ராஜ்ஜியம் இந்த வருஷம் கைவிட்டுப் போனது. யாரும் பிடுங்கவில்லை, இவரே டேப் வைத்து அளந்து தொலைத்தார்.

அந்தப் பூங்காவில் சரியாக ஆறு மாதம் முன்னால், காலை எட்டு மணிக்கு, கம்ப்யூட்டரில் இடம் பிடிக்க வேண்டும். எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு ஏரி பார்த்த இடமெல்லாம் காலி. அதனால் ஜனவரியில் அந்த ஒரு நாள் காலை டைக்ஹவுஸ் வீட்டில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய நாள். சமையலறை மேசையில் இரண்டு கம்ப்யூட்டர், பக்கத்தில் போனோடு வில்மா. இந்த வருஷமும் எட்டு அடித்த அரை விநாடியில் ஹார்லன் அமுக்கினார், இருபத்து மூன்று விழுந்தது. பதினைந்து நிமிஷத்துக்குள் விவரம் எழுதிப் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

விவரத்தில் 'வண்டியின் நீளம்' என்று ஒரு கட்டம். வழக்கமாக முப்பத்து நான்கு என்று போடுவார். ஆனால் கிறிஸ்துமஸ் விருந்தில் ரோஜர் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருந்தார்: "முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற கொக்கியும் கணக்குதானே?" முப்பத்தொரு வருஷம் தரம் பார்த்த கை, கட்டத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. பொய் நீளம் எழுதுவதா? மனிதர் டேப்பை எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழப் பனியில் இறங்கினார். ட்ரெய்லர் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை விலக்கினார். டேப் குளிரில் விறைத்துச் சுருண்டது. மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் ஒரே அளவு வந்தபிறகுதான் உள்ளே வந்தார்.

"முப்பத்தாறு அடி நாலு அங்குலம்!" என்றார், ஏதோ மகன் பிறந்த மாதிரி.

வில்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பதினைந்து நிமிஷம் முடிந்திருந்தது. இருபத்து மூன்று வேறு யாருக்கோ போயிருந்தது.

"ஜன்னலைத் தொறந்து கத்தினேன். முப்பத்தாறுன்னு போட்டுடவான்னு கேட்டேன். நீதான் கையைத் தூக்கி 'பொறு'ன்னே."

கிடைத்தது இருபத்து நான்கு. நம்பரில்தான் பக்கத்து இடம். நடுவில் ஒரு சின்னத் தார்ச்சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் வந்தால் எதிரே தெரிவது குளியலறைக் கட்டடத்தின் முதுகு. காற்று திரும்பினால் வேறு சில விஷயங்களும் தெரியவரும்.

இரண்டு நாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்றாம் நாள் அவரே ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "இடத்துல என்ன இருக்கு? அவங்க இடத்தைப் பாக்கவா வர்றாங்க? நான் எங்க நிக்கிறேனோ அங்கதான் வருவாங்க. வேணும்னா பாரு." இதை வில்மாவிடம் சொன்னார். போன் போட்டு ரோஜரிடம் சொன்னார். முடிவெட்டுகிறவரிடம் சொன்னார், கேட்காத ஆளிடமெல்லாம் சொன்னார். ஜூலை வருவதற்குள் ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியும். இனி அவர்கள் வராவிட்டால் மனிதருக்குப் போக்கிடம் இல்லை.

ஜூலையில் போய் இறங்கி, ரிவர்ஸ் எடுத்து, பலகை மாட்டி, பிளாஸ்டிக் புல் விரித்து, பிளாஸ்டிக் பூநாரை இரண்டை நட்டுவிட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தனது இருபத்து மூன்றில் ரொட்டி டப்பா அளவுக்கு ஒரு குட்டி ட்ரெய்லர். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் புத்தகம். பெயர் டெஸ் என்று பிற்பாடு தெரிந்தது. வாசலில் ஒரே ஒரு நாற்காலி.

"ஒத்தை நாற்காலி, வில்மா! ஒத்தை நாற்காலியோட வர்ற ஜென்மத்துக்கு அந்த இடமா?"

"உக்கார்றதுக்கு ஒண்ணு போதும்" என்றார் வில்மா.

முதல் நாள் சாயங்காலம் ஒன்பது மணி. ஹார்லன் விறகு அடுக்கிப் பற்றவைத்து, பதினோரு நாற்காலிக்கு இடம் ஒதுக்கித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். சாலை திருப்பத்தில் மடக்கு நாற்காலிகளின் சத்தம் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. வந்தார்கள், எல்லாரும் வந்தார்கள். "ஹேய் ஹார்லன்! வந்தாச்சா? நல்லா இருக்கியா?" என்று கையை ஆட்டினார்கள். ஆட்டிக்கொண்டே சாலையைத் தாண்டி இருபத்து மூன்றுக்குள் போய், அந்தப் பெண்ணுக்கு ஒரு 'ஹலோ' வைத்துவிட்டு, நாற்காலியைப் பிரித்து அரைவட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

டெஸ் புத்தகத்தைத் தாழ்த்தி அவர்களைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஹார்லன் தீக்குச்சிப் பெட்டியோடு பார்த்தார். எல்லாரையும்விட நிம்மதியாக இருந்தது வில்மாதான்.

"பழக்கதோஷம். காலு தன்னால அங்க போயிடுச்சு" என்றார் ஹார்லன்.

இரண்டாம் நாள் ஒரு அட்டையில் 'ஹார்லன் இங்கே' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே ஒரு அம்புக்குறியும் போட்டுக் கம்பத்தில் கட்டினார். ரோஜர் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "கையெழுத்து அருமையா இருக்குப்பா" என்று பாராட்டினார். பாராட்டிவிட்டு நேரே இருபத்து மூன்றுக்குப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் ஹார்லன் ரோஜரை மடக்கினார். "நேராவே கேக்குறேன். அங்க அப்படி என்னய்யா இருக்கு?"

ரோஜர் நல்ல மனிதர். யார் மனசையும் நோகடிக்கத் தெரியாது, அதனாலேயே உண்மை பேசவும் வராது. வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் யோசித்துவிட்டு, "அங்க... காத்து நல்லா வருதுப்பா" என்றார்.

காற்றுதானே! அன்று மத்தியானமே இருபது மைல் வண்டி ஓட்டிப்போய் இரண்டு பெரிய மின்விசிறி வாங்கி வந்தார். இருபத்து நான்கில் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. காட்டுக்கு நடுவில், மரத்துக்கு அடியில், சாம்பல் பறக்கப் பறக்க இரண்டு விசிறி சுற்றியது. வந்தவர்கள் அந்தக் காட்சியைச் சற்று நின்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார்கள். சாம்பல் முழுக்க வில்மாவின் குறுக்கெழுத்துப் புத்தகத்தில் விழுந்தது.

"இன்னிக்கு இதோட நிறுத்து" என்றார் வில்மா.

நிறுத்துவதா? நாலாம் நாள் சாப்பாட்டில் இறங்கினார். வில்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி சீஸ் உருளைக்கிழங்கும், செர்ரிப் பழம் போட்ட கேக் இரண்டும் செய்யவைத்தார். இந்தத் திட்டம் பாதி ஜெயித்தது. பதினோரு பேரும் இருபத்து நான்குக்கு வந்தார்கள். கான்னி இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார். "வில்மா கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றார் ரோஜர். ஹார்லன் தொண்டையைச் செருமி, "அன்னிக்குப் பாலத்து மேல..." என்று எடுத்தார். ரோஜர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயோ, ஒம்பது பத்து ஆச்சே!" அவ்வளவுதான். தட்டு ஒரு கையில், நாற்காலி ஒரு கையில், பதினோரு பேரும் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி எழுந்து சாலையைத் தாண்டினார்கள்.

அன்று ஹார்லனுக்கு வயிறு எரிந்தது. வெட்கத்தைவிட்டுக் குளியலறைக் கட்டடத்தின் ஓரமாக ஒளிந்து நின்று எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் அப்படி என்னதான் பேசி மயக்குகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். அவள் வாயையே பார்த்தபடி கால் மணி நேரம் நின்றார். பல் விளக்க வந்த இரண்டு பேர் அவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"அவ வாயே தொறக்கல, வில்மா! ஒரு வார்த்தை கிடையாது. கொக்கியைப் பத்தி இல்ல, குழாயைப் பத்தி இல்ல, ஒண்ணும் இல்ல. முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இவங்களும் பேசாம உக்காந்திருக்காங்க. பதினோரு பேரும்!"

"அப்போ நல்லாத்தான் இருந்திருக்கும்."

ஹார்லன் அவரை முறைத்தார். வில்மா பென்சிலை எடுத்து ஒரு கட்டத்தை நிரப்பினார்.

படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவேளை நான் பேசியது அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று ஒரு எண்ணம் தலையைத் தூக்கியது. பதினெட்டு வருஷம், வருஷத்துக்குப் பதினாலு நாள்! உள்ளபடியே பயந்துபோனார். அந்த எண்ணத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

ஐந்தாம் நாள் காலை, காப்பி நேரத்துக்கு டெஸ் தானாகவே சாலையைத் தாண்டி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். தினம் சாயங்காலம் என் வாசல்ல வந்து உக்கார்றாங்களே, அவங்க யாரு? உங்களுக்குக் கை காட்டுறதைப் பாத்தேன், அதான் கேக்குறேன்."

ஹார்லனின் மார்பு அரை அங்குலம் விரிந்தது. "அவங்களா? அவங்க என் ஆளுங்க."

"உங்க ஆளுங்களா?"

"பதினெட்டு வருஷமா என்னைத் தேடி வர்றவங்க. அந்த இடம் என்னோடது. இந்தத் தடவை தவறிப்போச்சு. பாவம், இன்னும் பழைய இடத்துலயே தேடுறாங்க."

டெஸ் தன் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "தேடுற மாதிரி தெரியலையே சார். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வர்றாங்க, உக்கார்றாங்க, பத்து மணியானா எனக்கு 'தேங்க்ஸ்' சொல்லிட்டுப் போறாங்க. எதுக்கு தேங்க்ஸ்னு தெரியல."

வில்மா காப்பிக் கோப்பைக்குள் எதையோ உற்றுப் பார்த்தார்.

"எனக்கு அவசர போன் எடுக்கிற ஆபீஸ்ல வேலை" என்றாள் டெஸ். "நெஞ்சுவலி, தீ, விபத்து, எல்லா போனும் எங்ககிட்டதான் வரும். வருஷம் பூரா ஜனங்க என் காதுக்குள்ளதான் இருக்காங்க. பத்து நாள் ஒருத்தர் மூஞ்சியும் பாக்காம இருக்கலாம்னு ஆசைப்பட்டு வந்தேன். இங்க வந்தா பதினோரு பேர்! நல்லவங்கதான், ஒண்ணும் சொல்ல முடியல. சார், உங்க இடத்தை எனக்குக் குடுங்க. என் இடத்தை நீங்க எடுத்துக்குங்க."

"இங்க எதிர்ல குளியலறைதான் தெரியும்" என்றார் வில்மா, நியாயத்துக்கு.

"அங்க யாராவது நாற்காலி போட்டு உக்காருவாங்களா?"

"மாட்டாங்க."

"எனக்கு அது போதும்மா. ஏரியை நான் கீழ நடந்துபோய்ப் பாத்துக்குறேன்."

கீழே கரைக்குப் போக நூற்றுப் பன்னிரண்டு மரப்படி. அவளுக்கு நாற்பது வயசு, போவாள்.

ஹார்லன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பூங்கா ஆபீசுக்கு ஓடினார். அங்கிருந்த பெண் அதிகாரி இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு இடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். டெஸ் பன்னிரண்டு நிமிஷத்தில் இடம் மாறிப் புத்தகத்தைத் திறந்தாள். டைக்ஹவுஸ் குடும்பம் நாற்பது தப்படி தள்ளிப் போக ஐந்து மணி நேரம் ஆனது. குழாயைக் கழற்றி, பந்தலைச் சுருட்டி, பூநாரையைப் பிடுங்கி, பிளாஸ்டிக் புல்லை உதறி, ரிவர்ஸில் மூன்று தரம் தப்பாக நுழைந்து, மூன்று தரமும் வில்மா கைகாட்டியதுதான் கோளாறு என்று சொல்லி... வில்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் புல்மேலேயே சற்று நேரம் படுத்துக்கொண்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் பாரு" என்றார் ஹார்லன். "வந்தாங்கன்னா என்ன அர்த்தம்? எனக்காகத்தான் வந்தாங்கன்னு அர்த்தம்."

"அவ இருந்தப்பவும்தானே வந்தாங்க?"

"அது பழக்கதோஷம்னு சொன்னேன்ல!"

ஒன்பது மணிக்கு நாற்காலிகளின் சத்தம் கேட்டது. ஹார்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பதினோரு பேரும் திருப்பத்தில் தலைகாட்டி, இருபத்து நான்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, நேரே அவரிடம் வந்தார்கள். "ஆஹா, பழையபடி ஆயிடுச்சு!" என்றார் ரோஜர், நிஜமான சந்தோஷத்தோடு. கான்னி ஹார்லன் தோளைத் தட்டினார். அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தின ராத்திரி உள்ளே வந்து பயமுறுத்திய எண்ணத்தை நினைத்து இப்போது சிரிப்பு வந்தது.

அந்த இடத்து மர மேசையை டெஸ் இருந்த நாட்களில் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாள். எப்போதும் அந்த மேசையை ஒட்டி, ஒரு பக்கமாக நின்றுதான் ஹார்லன் பேசுவார். இன்று நடுவில் இடம் விசாலமாகக் கிடந்தது. சந்தோஷ மிகுதியில் அரைவட்டத்துக்கு நேர் எதிரே, நட்டநடுவில் போய்க் காலை அகட்டி நின்றார். வேறெதையும் எடுக்கவில்லை, நேரே பாலத்துக்குப் போய்விட்டார்.

"அன்னிக்குக் காத்து சும்மா இல்ல. தொண்ணூத்தஞ்சு மைல் வேகம்! வண்டி இந்தப் பக்கம் சாயுது. நான் வில்மாகிட்ட சொல்றேன், கெட்டியாப் புடிச்சுக்கோன்னு..."

பதினோரு முகமும் அவரைத்தான் பார்த்தன. எல்லா முகத்திலும் ஒரு சிவப்பு ஏறியிருந்தது. கண்கள் மினுமினுத்தன. கான்னி வாயை லேசாகத் திறந்துகொண்டிருந்தார். இதுதான், இதற்காகத்தான் இத்தனை வருஷமும் என்று ஹார்லன் கையை இன்னும் அகலமாக விரித்தார்.

ரோஜர் நாற்காலியில் இந்தப் பக்கம் நெளிந்தார், அந்தப் பக்கம் நெளிந்தார். கழுத்தை நீட்டினார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், மிகவும் மரியாதையாகவே சொன்னார்:

"ஹார்லன், கொஞ்சம் தள்ளிக்கோப்பா. சூரியனை மறைக்கிற."

ஹார்லனின் கை விரித்தபடியே நின்றது.

"நீ பேசு, பேசு" என்று கான்னி பதறிப்போய்ச் சேர்த்தார். "பேசறதுக்கு என்ன? அந்த ஓரமா நின்னு பேசேன்."

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். ஏரி விளிம்பில் சூரியன் பாதி இறங்கியிருந்தது. தண்ணீர் கரைவரைக்கும் சிவந்து கிடந்தது. மேலே ஆரஞ்சும் ஊதாவும் அடுக்கடுக்காக, கண்ணெதிரேயே மாறிக்கொண்டிருந்தன. சூரியன் அந்தப் பக்கம்தான் மறையும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பூங்கா வாசலிலேயே அதைப் படமாகப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பதினோரு முகங்களை.

மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தார். அவருக்கென்று நாற்காலி எடுத்து வைக்கிற வழக்கம் இல்லை என்பதால், வில்மாவுக்குப் பக்கத்தில் வெளியே கிடந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். கதை பாலத்தின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. அப்புறம் என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்கவில்லை. பதினோரு பேரும் வில்மாவும் மேற்கே பார்த்தபடி இருந்தார்கள். சூரியனின் கடைசித் துண்டும் தண்ணீருக்குள் போனபோது யாரோ 'ஆ' என்று மூச்சுவிட்டார்கள். கான்னி மெல்லக் கைதட்டினார். ஹார்லன் தமது கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

வில்மா குறுக்கெழுத்துப் புத்தகத்தை மூடிவிட்டு, அவர் கைமேல் தம் கையை வைத்தார்.

"மேகம் போட்ட அன்னிக்கு இருக்காது. அன்னிக்கெல்லாம்தான் நம்ம வாசலுக்கு யாருமே வரமாட்டாங்க."